கிரெண்டலுக்கு என்ன கோபம்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே வரி: “ஆங்கிலோ-சாக்சன் காவியத்தில் வீரர்கள் புகழுக்காகச் சண்டையிடுகிறார்கள், அரக்கர்கள் பொறாமையால் சண்டையிடுகிறார்கள் என்று எங்கள் கல்லூரி நோட்ஸில் இருக்கிறது. அவ்வளவுதானா?” உங்களை உறுத்துவது ‘அவ்வளவுதானா’ என்ற கடைசிச் சொல் என்று நினைக்கிறேன். அரக்கர்களுக்கும் ஒரு நியாயம் உண்டா, உண்டு என்றால் அது வீரர்களின் நியாயத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. பியோவுல்ஃப் என்ற அந்தப் பழைய ஆங்கிலக் காவியத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் நோட்ஸில் இருப்பது முழுப் பொய்யில்லை. ஆனால் தேர்வுத் தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், கவிதையில் தேடினால் கிடைக்காது. பழைய ஆங்கிலம் நான் பிந்திக் கற்ற மொழி, அகராதி இல்லாமல் இன்றும் நகர மாட்டேன். எனவே கீழே வரும் மேற்கோள்களைக் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்கு அடி மொழிபெயர்ப்பாக வேண்டாம்.

முதலில் சந்தேகமில்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். 3,182 அடிகள் கொண்ட இந்தக் காவியம் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில் நமக்கு வந்திருக்கிறது. கி.பி. 1000-ஐ ஒட்டி இரண்டு எழுத்தர்கள் அதைப் பிரதியெடுத்தார்கள். 1731-இல் லண்டனில் நடந்த தீவிபத்தில் ஓரங்கள் கருகி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. எழுதப்பட்டது இங்கிலாந்தில் என்றாலும் கதை நடப்பது டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும். பாடியவர் கிறிஸ்தவர், பாடப்பட்டவர்கள் கிறிஸ்தவம் வராத காலத்து மனிதர்கள். எப்போது இயற்றப்பட்டது என்பதில்தான் சண்டை. எட்டாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் என்பாரும் உண்டு. ஆகவே ‘அந்தக் காலத்து மனிதர்கள் இப்படித்தான் நினைத்தார்கள்’ என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்தக் காலத்து மனிதர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்தக் கவிதையில் வரும் சண்டைகளைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால், கொல்லப்பட்டவனின் உறவினருக்குப் பழிவாங்கும் கடமை வந்துவிடும். அந்தப் பகை தலைமுறை தலைமுறையாக நீளாமல் இருக்க ஒரு வழி, உயிர்விலை கட்டுவது. வெர்கில்ட் என்பது அதன் பெயர். வெஸெக்ஸ் சட்டங்களில் சாதாரணக் குடியானவனின் உயிருக்கு 200 ஷில்லிங், பிரபுவின் உயிருக்கு 1,200 ஷில்லிங். பணம் கட்டினால் கணக்கு தீர்ந்தது, கட்டாவிட்டால் ரத்தம். காவியத்தில் ஏறக்குறைய ஒவ்வொரு சண்டையும் இந்தக் கணக்கின் ஒரு வரி. அரக்கர்களின் சண்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

காவியத்தின் முதல் அரக்கன் கிரெண்டலிடம் வருவோம். டேனியர்களின் அரசன் ஹ்ரோத்கார் ஹெயோரோட் என்ற பெரிய மண்டபத்தைக் கட்டுகிறான். அங்கே நாள்தோறும் விருந்தும் யாழிசையும். உலகம் படைக்கப்பட்ட கதையை அரசவைப் பாணன் பாடுகிறான். வெளியே, சதுப்பு நிலத்தின் இருட்டில், கிரெண்டல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் கவிதை சொல்வது என்ன தெரியுமா? இருளில் வாழ்ந்தவன், மண்டபத்தில் எழுந்த மகிழ்ச்சி ஆரவாரத்தை ஒவ்வொரு நாளும் கேட்க நேர்ந்ததால் வேதனையைச் சகித்துக் கிடந்தான் என்று. பொறாமை என்ற சொல் அங்கே இல்லை. சகித்தான் என்ற வினைச்சொல்தான் இருக்கிறது. நோட்ஸ் எழுதியவர் அதைப் பொறாமை என்று சுருக்கிவிட்டார். அவர் மேல் கோபமில்லை, வாசித்துப் பார்த்தால் அப்படியும் தோன்றும். ஆனால் அண்டை வீட்டில் கல்யாணம் நடக்கும்போது அழைப்பு வராதவன் படும் பாட்டுக்குப் பொறாமை என்று மட்டும் பெயர் வைத்தால் பாதிதான் சொன்னதாகும்.

அழைப்பு ஏன் வரவில்லை என்பதற்குக் கவிஞர் உடனே காரணம் சொல்கிறார். கிரெண்டல் விவிலியத்தில் வரும் காயீனின் வழிவந்தவன். தம்பி ஆபேலைக் கொன்றதற்காகக் கடவுளால் துரத்தப்பட்டவனின் வம்சம். முதல் கொலை, அதுவும் கூடப்பிறந்தவனைக் கொன்ற கொலை. இதில் ஒரு சிக்கல் இருப்பதைக் கவனியுங்கள். உறவினனை உறவினனே கொன்றால் யார் யாருக்கு உயிர்விலை கட்டுவது? அந்தக் கணக்கில் அடங்காத குற்றத்திலிருந்து பிறந்தவன் கிரெண்டல். அதனால்தான் அவனைப் பற்றிக் கவிஞர் வைக்கும் குற்றச்சாட்டு, இன்று நமக்கு வேடிக்கையாகத் தோன்றும் அளவுக்குச் சட்டபூர்வமாக இருக்கிறது: டேனியர் எவரோடும் அவன் சமாதானம் செய்துகொள்ள விரும்பவில்லை, பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளவும் இல்லை, கொலைகாரன் கையிலிருந்து நல்ல இழப்பீடு வரும் என்று எந்த ஆலோசகரும் எதிர்பார்த்திருக்க முடியாது. முதல் இரவில் முப்பது பேரைத் தூக்கிப்போனவன் மீது வைக்கப்படும் புகாரில் இதுவும் ஒன்று, பணம் கட்டவில்லை என்பது! வகுப்பில் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு எழும். நானும் சிரித்துவிட்டுத்தான் விளக்கத் தொடங்குவேன். மனிதர்களும் இந்தக் கவிதையில் வெட்டிக்கொண்டுதான் சாகிறார்கள். அவர்களோடு பேசித் தீர்க்கலாம், கிரெண்டலோடு அது முடியாது. அவனை அரக்கனாக்குவது அவன் பல்லும் நகமும் மட்டுமில்லை.

இதற்கு இன்னொரு சான்றும் கவிதையிலேயே இருக்கிறது, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். கிரெண்டலை ஒழிக்கக் கடல் தாண்டி வருகிறான் காவிய நாயகன் பியோவுல்ஃப். அவனோடு வந்த வீரர்களில் ஒருவனைக் கிரெண்டல் தின்றுவிடுகிறான். மறுநாள் விருந்தில் ஹ்ரோத்கார், அந்த ஒருவனுக்குப் பொன்னால் ஈடு கட்டச் சொல்கிறான். கிரெண்டல் கட்ட வேண்டிய உயிர்விலையை, அவனால் பன்னிரண்டு ஆண்டுகள் பாதிக்கப்பட்ட அரசனே கட்டுகிறான்.

கிரெண்டல் பற்றிச் சந்தேகத்துக்குரிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். 168-ஆம் அடியை ஒட்டி, அவனால் அரியணையை நெருங்க முடியவில்லை என்று ஒரு வாக்கியம் வருகிறது. அது ஹ்ரோத்காரின் அரியணையா, கடவுளின் அரியணையா, நெருங்க முடியாமல் போனவன் கிரெண்டல்தானா என்பதிலேயே அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பரிசு வழங்கும் அரியணையை நெருங்க முடியாதவன் என்று பொருள் கொண்டால், பரிசும் உறவும் மறுக்கப்பட்டவன் என்ற வாசிப்புக்கு அது வலுச் சேர்க்கும். எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும். பிடிக்கிறது என்பதற்காகத் தேர்வுத் தாளில் உறுதியான உண்மையாக எழுதிவிடாதீர்கள்.

இனி வீரனின் பக்கம். பியோவுல்ஃப் ஏன் கடல் தாண்டி வருகிறான்? புகழ் ஒரு காரணம், மறுக்கவில்லை. கூடவே மூன்று காரணங்கள் கவிதையில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று, கடன். அவன் தந்தை ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடிவந்தபோது, எதிர்த்தரப்புக்குப் பொருள் அனுப்பி அந்தப் பகையைத் தீர்த்துவைத்தவன் இளம் வயது ஹ்ரோத்கார். இரண்டு, தன் அரசன் ஹிகெலாக்கின் மனம் குளிர வேண்டும் என்பது. கிரெண்டலோடு வாளும் கேடயமும் இல்லாமல் வெறுங்கையால் மோதுவேன் என்று சபதம் செய்யும்போது அவன் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. மூன்றாவது மிகவும் பிந்தி, கிட்டத்தட்ட இரண்டாயிரம் அடிகளுக்குப் பிறகு, போகிற போக்கில் வருகிறது: இளமையில் அவனைச் சோம்பேறி என்று ஊரார் மட்டமாக நினைத்திருந்தார்கள், அரசன் பரிசு எதுவும் தரவில்லை. டேனியர் நாட்டிலிருந்து திரும்பிய பிறகுதான் ஏழாயிரம் ஹைடு நிலமும் மண்டபமும் ஆசனமும் கிடைக்கின்றன. ஊர் வாயை அடைக்க ஒருவன் எவ்வளவு தூரம் போவான் என்பது நமக்குத் தெரியாததா!

இந்த இடத்தில் ஒரே ஒரு சொல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வ்லென்கோ. மிடுக்கு, செருக்கு, துணிச்சல் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். கரையிறங்கி வந்த பியோவுல்ஃபை அரண்மனை வாசலில் எதிர்கொள்ளும் அதிகாரி, நீங்கள் நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள் போலத் தெரியவில்லை, வ்லென்கோவால்தான் வந்திருக்கிறீர்கள் என்கிறான். அது பாராட்டு. சிறிது நேரத்தில் உன்ஃபெர்த் என்பவன், சின்ன வயதில் வ்லென்கோவால் கடலில் குதித்து உயிரைப் பணயம் வைத்த முட்டாள்தானே நீ என்று சீண்டுகிறான். அது ஏச்சு. பிறகு ஹிகெலாக் ஃப்ரீசியர் நாட்டின் மீது படையெடுத்துச் செத்ததைச் சொல்லும்போது, வ்லென்கோவால் துன்பத்தைத் தானே கேட்டு வாங்கினான் என்கிறார் கவிஞர். அது இரங்கல், அதற்குள்ளேயே கண்டனமும். வீரனை ஊக்கும் பண்பும் அவனை அழிக்கும் பண்பும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்பது அவன் வென்றானா தோற்றானா என்பதைப் பொறுத்திருக்கிறது.

மூன்று அரக்கர்களில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு கிரெண்டலின் தாயுடையது. அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. பியோவுல்ஃபோடு நடந்த சண்டையில் மகனின் கை பிடுங்கப்பட்டு மண்டபத்தில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. அவன் செத்துவிட்டான். மறுநாள் இரவு அவள் வருகிறாள். வரும் காரணத்தைக் கவிஞர் ஒருமுறை சொல்லி விடவில்லை. பழிவாங்குபவள் ஒருத்தி மிச்சம் இருந்தாள் என்கிறார், மகனின் சாவுக்குப் பழிவாங்க வந்தாள் என்கிறார், பிறகு நீருக்கடியில் சண்டை நடக்கும்போது, தன் ஒரே பிள்ளைக்காகப் பழிவாங்க நினைத்தாள் என்கிறார். ஹ்ரோத்காரே அதைப் பகைக் கணக்கு என்றுதான் பெயர் சொல்லி அழைக்கிறான்: நேற்று நீ கிரெண்டலைக் கொன்ற பகைக்கு அவள் பழிவாங்கிவிட்டாள் என்று. முப்பது பேரைத் தூக்கிய மகனைப் போலன்றி அவள் ஒரே ஒருவனை எடுத்துக்கொள்கிறாள், ஹ்ரோத்காரின் உயிர்த்தோழன் ஆஷெரேயை. மகனின் கையையும் எடுத்துக்கொண்டு, கண்டுவிட்டார்கள் என்றதும் உயிர் தப்பினால் போதும் என்று ஓடுகிறாள். ஓர் உயிருக்கு ஓர் உயிர். கவிஞரும் அங்கே ஒரு பக்கம் சாயவில்லை. இரு தரப்பும் நண்பர்களின் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டிய நல்லதல்லாத பண்டமாற்று என்கிறார். இரு தரப்பும் என்ற அந்தச் சொற்களை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அழுதுகொண்டிருக்கும் ஹ்ரோத்காரிடம் பியோவுல்ஃப் சொல்லும் ஆறுதல், காவியத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்படும் இடங்களில் ஒன்று: வருந்தாதீர், அறிஞரே, ஒருவன் நீண்ட நேரம் அழுவதைவிடத் தன் நண்பனுக்காகப் பழிவாங்குவது நல்லது. வீர தர்மத்தின் சாரம் என்று பாடநூல்கள் கொண்டாடும் வாக்கியம் இது. ஆனால் அந்த அறிவுரையை முந்தைய இரவே ஒருத்தி செயல்படுத்திக் காட்டிவிட்டாள். கவிஞர் இந்த முரணை உணர்ந்தே வைத்தாரா என்பதற்கு ஆதாரம் காட்ட முடியாது. முந்தைய நூறு அடிகளில் பழி, பழி என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் தற்செயலாக இதை எழுதினார் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

சொற்களும் இதற்குத் துணை நிற்கின்றன. ஆக்லேகா என்ற சொல் கிரெண்டலுக்கு வருகிறது, டிராகனுக்கு வருகிறது, சிகெமுண்ட் என்ற பழைய வீரனுக்கும் வருகிறது. ஓரிடத்தில் பியோவுல்ஃபையும் டிராகனையும் சேர்த்தே ‘ஆக்லேகர்கள்’ என்று பன்மையில் சொல்கிறார் கவிஞர். அச்சம் தரும் போராளி என்பது போல ஏதோ ஒரு பொருள், அதன் துல்லியம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. விவாதம் எப்படியிருந்தாலும், நீண்ட காலம் மாணவர் கையில் புழங்கிய ஒரு பதிப்பின் சொற்பட்டியல், அரக்கர்களுக்கு வரும்போது அதை அரக்கன் என்றும் வீரனுக்கு வரும்போது வீரன் என்றும் பிரித்துப் பொருள் கொடுத்தது. கவிஞர் வைக்காத வேலியை அகராதி வைத்தது.

பழிவாங்க முடியாதவனின் நிலை என்ன என்பதையும் கவிதை காட்டுகிறது. பியோவுல்ஃபின் தாத்தா ஹ்ரேதல். அவனுடைய மூத்த மகனை இளைய மகன் தவறுதலாக அம்பெய்து கொன்றுவிடுகிறான். இழப்பீடு கேட்க ஆளில்லை, கேட்டால் சொந்த மகனிடம்தான் கேட்க வேண்டும். பழிவாங்கினால் இன்னொரு மகனும் போவான். அந்தக் கிழவன் துக்கத்தாலேயே சாகிறான். பழிவாங்குவது அந்த மனிதர்களுக்கு வெறி மட்டுமில்லை, துக்கத்தை வெளியேற்ற இருந்த ஒரே வாய்க்கால் என்பதை இந்தச் சில அடிகள் விளக்கும் அளவுக்கு எந்தக் கட்டுரையும் விளக்கியதில்லை.

டிராகன் கதை சுருக்கமானது, ஆனால் நோக்கங்கள் அங்கேதான் மிகவும் குழம்பிக் கிடக்கின்றன. முந்நூறு ஆண்டுகளாக ஒரு மேட்டுக் கல்லறையில் புதையலைக் காத்துக் கிடக்கிறது டிராகன். பழைய ஆங்கிலத்தின் முதுமொழித் தொகுப்பு ஒன்று, டிராகன் மேட்டுக்குள் இருக்க வேண்டும், அரக்கன் சதுப்பில் தனியாக வாழ வேண்டும் என்று, மீன் தண்ணீரில் இருக்க வேண்டும் என்பதைப் போலச் சாதாரணமாகச் சொல்கிறது. அது அதன் இயல்பு. அந்தப் பொன்னால் அதற்கு ஒரு பயனும் இல்லை என்று காவியமும் குத்திக்காட்டுகிறது. யாரோ ஒருவன் உள்ளே நுழைந்து ஒரு கிண்ணத்தைத் திருடிவிடுகிறான். அவன் அடிமையா வேறு யாருமா என்பது கையெழுத்துப் பிரதி சிதைந்த இடத்தில் விழுந்துவிட்டது. அடிக்குப் பயந்து ஓடியவன், எசமானைச் சமாதானப்படுத்த அந்தக் கிண்ணத்தைக் கொண்டுபோகிறான் என்பது மட்டும் தெளிவு. டிராகன் விழித்து, மோந்து, காலடித் தடத்தைப் பார்த்து, மேட்டைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறது, திரும்ப உள்ளே போய்க் கிண்ணத்தைத் தேடுகிறது. பிறகு இருட்டும்வரை பொறுமையில்லாமல் காத்திருந்து ஊரை எரிக்கிறது. சாவியைத் தொலைத்தவர் சட்டைப் பையையே நாலு முறை தடவிப் பார்ப்பது போல இருக்கும் அந்த வரிகள்.

தன் நாட்டுக்கே அரசனாகி ஐம்பது ஆண்டு ஆண்ட கிழ பியோவுல்ஃப் ஏன் டிராகனோடு மோதப் போகிறான்? அவன் மண்டபமும் எரிந்துவிட்டது, ஆகவே பழி. கடைசிப் பேச்சில் அவனே சொல்கிறான், முதிய காவலனான நான் பகையைத் தேடுவேன், புகழ்ச் செயல் புரிவேன் என்று. சற்றுத் தள்ளி, பொன்னை வெல்வேன் அல்லது போர் என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். பகை, புகழ், பொன், குடிகாவல் நான்கும் ஒரே மூச்சில். எது உண்மையான காரணம் என்று கேட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நான்கையும் பிரிக்க முடியாது என்பதே என் கருத்து, ஆனால் அது கருத்துதான். அவன் செத்தபின் விக்லாஃப் என்ற இளைஞன் சொல்வதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: ஒருவன் விருப்பத்துக்காகப் பலர் துன்பப்பட நேர்கிறது. இது அரசனை மிகவும் நேசித்தவன் வாயிலிருந்து வருகிறது.

அந்த விக்லாஃபின் நோக்கத்துக்குத் தமிழில் தயாராகச் சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். டிராகனோடு நடந்த சண்டையில் பியோவுல்ஃபின் மற்ற வீரர்கள் காட்டுக்குள் ஓடும்போது அவன் சொல்கிறான், மண்டபத்தில் தேன்மது குடித்து, மோதிரம் தந்தவனுக்குத் தேவை வரும்போது ஈடு செய்வோம் என்று நாம் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது என்று. 991-இல் எஸ்ஸெக்ஸில் வைக்கிங்குகளோடு நடந்த மால்டன் போரைப் பற்றிய கவிதையிலும் அச்சு அசலாக இதே குரல். தலைவன் பிர்த்நோத் விழுந்த பிறகு, தேன்மது குடித்தபடி பேசிய பேச்சை நினைவூட்டித்தான் வீரர்கள் சாகப் போகிறார்கள். ஓட்டத்தைத் தொடங்கிவைப்பவன் கோட்ரிக் என்பவன், அதுவும் தலைவனின் குதிரையிலேயே. தனக்குப் பல குதிரைகள் கொடுத்தவனைவிட்டு ஓடினான் என்று கவிஞர் சேர்த்துச் சொல்வதில் இருக்கும் வெறுப்பைக் கவனியுங்கள். எதிரிகளைக் கரைக்கு வர அனுமதித்த பிர்த்நோத்தின் மனநிலையை அந்தக் கவிதை ஓஃபர்மோட் (சொல்லுக்குச் சொல் ‘மிகை மனம்’) என்கிறது. அது குற்றம் சாட்டும் சொல் என்பது பெரும்பான்மைக் கருத்து, மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பியோவுல்ஃபின் வ்லென்கோவோடு சேர்த்து வாசித்தால் ஏன் மறுக்கிறார்கள் என்பது விளங்கும். அந்தக் கவிதையின் மூலப் பிரதியும் நான் மேலே சொன்ன அதே 1731 தீயில் போனதுதான். முன்பே எடுத்துவைத்த ஒரு நகலால் 325 அடிகள் பிழைத்தன.

ஆக, உங்கள் நோட்ஸுக்குப் பதிலாக என்ன எழுதலாம்? பழியும் ஈடும் இரு பக்கத்துக்கும் பொது என்று தொடங்குங்கள். கிரெண்டல் மட்டும் விலக்கு, அவனுக்கு எதிராகப் பதிவான பழைய குற்றம் டேனியரிடத்தில் எதுவும் இல்லை, அவன் காரணம் இசை கேட்ட வேதனை. தாய்க்கு முறையான பழி. டிராகனுக்குத் திருடுபோன பொருள். வீரனுக்கும் வயதாக ஆக அவன் காரணங்கள் அவன் எதிரிகளின் காரணங்களை நெருங்கி வருகின்றன. இந்தக் கடைசி வாக்கியம் என் வாசிப்பு, ஆசிரியர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடிகளைக் காட்டி வாதாடுங்கள்.

புகழைப் பற்றி ஒரு சொல் பாக்கி இருக்கிறது. காவியத்தின் கடைசிச் சொல்லே அதுதான். பன்னிரண்டு வீரர்கள் குதிரையில் அவன் சமாதி மேட்டைச் சுற்றி வந்து புலம்புகிறார்கள். உலக அரசர்களில் மிகவும் கனிவானவன், மென்மையானவன், குடிகளிடம் மிகவும் அன்பானவன் என்று மூன்று பண்புகளைச் சொல்லிவிட்டு நான்காவதாக லோஃப்யெயோர்னோஸ்ட், புகழை மிகவும் விரும்பியவன் என்று முடிக்கிறார்கள். முதல் மூன்றும் பாராட்டு என்பதால் நான்காவதும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அதே சொல்லைப் பழைய ஆங்கில உரைநடையில், பிரசங்கங்களில், தற்பெருமைக்காரன் என்று பழிக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்தக் குதிரைவீரர்களுக்கு அது பாராட்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களைப் பாட வைத்த கிறிஸ்தவக் கவிஞரின் காதில் அது எப்படி ஒலித்திருக்கும் என்பதைத்தான் நான் ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் கேட்டுவிட்டு மணி அடித்ததும் வெளியேறுவேன்.